கிடைக்காமல் போன புறநானூறு 267ஐ எனக்கு எழுதிக் கொடுத்த செயலி: இப்போது என்ன செய்வது?

கண்மாய்க்கரை – செவ்வாய், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சிவகங்கைப் பக்கம் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். ஆய்வேட்டின் தலைப்பு ‘சங்கப் பாடல்களில் நீர்நிலைகள்’. இன்னும் ஐந்து வாரத்தில் பைண்டிங் போட்டுக் கொடுத்தாக வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை இரண்டாவது இயலை நெறியாளரிடம் கொண்டுபோனேன். அவர் எப்போதும் பென்சிலோடுதான் படிப்பார். சந்திப்பிழை என்றால் ஒரு சுழி, சந்தேகம் என்றால் ஒரு கோடு. 41ஆம் பக்கத்தில் பென்சில் நின்றுவிட்டது. சுழியும் இல்லை, கோடும் இல்லை.

“இந்தப் பாட்டு உங்களுக்கு எங்கே கிடைத்தது?”

“புறநானூறுதான் ஐயா. 267.”

“அது தெரிகிறது. எந்தப் பதிப்பு?”

நான் பதில் சொல்லவில்லை. எனக்கு எந்தப் பதிப்பும் தெரியாது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “உ.வே.சா. ஊர் ஊராக ஏடு தேடி அலைந்து 1894இல் இதை அச்சில் கொண்டு வந்தார். 267உம் 268உம் அவருக்கே கிடைக்கவில்லை. இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்றால் சாதாரண விஷயம் இல்லை, சொல்லுங்கள்.”

அறையில் இன்னும் இரண்டு முனைவர் பட்ட மாணவர்கள் இருந்தார்கள். ஒருவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உண்மை இதுதான். நவம்பரில் ஒரு நாள் இரவு இலவசச் செயலி ஒன்றில் ‘கயம் (குளம்) என்ற சொல் வரும் புறநானூற்றுப் பாடல்கள் ஐந்து கொடு, பாடல் எண், புலவர் பெயர், பொருள் வேண்டும்’ என்று கேட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஐந்தும் வந்தன. அதில் இரண்டு எனக்கு முன்பே தெரிந்த பாடல்கள், சரியாகவே இருந்தன. அதனால் மற்ற மூன்றையும் நம்பிவிட்டேன். 267 என்று அது கொடுத்த நான்கு வரிகளையும் பார்த்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். அகவல் ஓசை இருந்தது. கடைசி வரி ‘ஏ’ போட்டு முடிந்தது. புலவர் பெயரும் உண்மையான சங்கப் புலவர் ஒருவருடையது. பொருள் வேறு, உரைகாரர் எழுதுவது மாதிரியே!

வீட்டுக்கு வந்து பட்டியல் போட்டேன். 112 பக்கத்தில் 64 பாடல் மேற்கோள். அதில் செயலி எடுத்துக் கொடுத்தவை 19. இரவு இரண்டு மணி வரை பார்த்ததில் ஏழைச் சரிபார்க்க முடிந்தது. மூன்று தப்பு: ஒன்று இல்லாத பாட்டு, ஒன்று எண் மாறியது, இன்னொன்றில் வரி சரி, புலவர் வேறு.

எல்லாவற்றையும் செயலியிடம் கொடுத்துவிட்டுத் தூங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான்காம் இயல் முழுக்க என்னுடையது. எங்கள் ஊர்க் கண்மாயில் பெரியப்பா நீர்பாய்ச்சியாக இருந்தவர். மடை, கலுங்கு (மிகுதித் தண்ணீர் வழியும் இடம்), உள்வாய் (தண்ணீர் நிற்கும் உட்பக்கம்), வரத்துக்கால் என்று ஒவ்வொன்றையும் அவரோடு நடந்து பார்த்து எழுதினேன். பாரியின் பறம்பைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூறு 118இல் ‘எண் நாள் திங்கள் அனைய கொடுங்கரைத் தெண்ணீர்ச் சிறுகுளம்’ என்று வருகிறதே, அதற்குச் செயலி ‘எட்டாம் நாள் நிலவைப் போல ஒளிவீசும் குளம்’ என்று பொருள் சொன்னது. கண்மாய்க் கரையில் ஒரு தடவை நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே பேச்சு ஒளியைப் பற்றியே இல்லை. கரை வில் மாதிரி வளைந்து போகும். இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் வயல். எட்டாம் நாள் பிறையின் வளைவு அது. ‘கொடுங்கரை’ என்று பாட்டிலேயே இருக்கிறது. அந்த இடத்தில் நான் செயலியை நம்பவில்லை. மற்ற இடங்களில் ஏன் நம்பினேன் என்றுதான் இப்போது யோசிக்கிறேன்.

இப்போது என் குழப்பம். 267ஐ மட்டும் எடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாமா, இல்லை பத்தொன்பதையும் நெறியாளரிடம் ஒப்புக்கொள்ள வேண்டுமா? துறையில் சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது, ‘செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது’ என்று ஒரே வரி. அதே துறைதான் போன பருவத்தில் செயற்கை நுண்ணறிவுப் பயிலரங்கு நடத்திச் சான்றிதழும் கொடுத்தது. எதை எடுத்துக்கொள்வது?

இன்னொரு கூத்து. பயந்துபோய் என் முன்னுரையைக் ‘கண்டுபிடிக்கும்’ இணையதளம் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். நானே நோட்டில் எழுதி நானே தட்டச்சு செய்த முன்னுரை அது. 64 சதவீதம் இயந்திரம் எழுதியது என்கிறது. அம்மாவிடம் காட்டினேன், “உன் கையெழுத்தையே அதால படிக்க முடியாதே” என்றார்.

சும்மா ஒருவன் – செவ்வாய், இரவு 11.15

இதுக்கா இவ்வளவு பெரிய பதிவு? 267ஐத் தூக்கு, வேற பாட்டு போடு, முடிஞ்சது. எல்லாரும்தான் பண்றாங்க. இயந்திரம் எழுதினதை மனுஷன் எழுதின மாதிரி மாத்திக் கொடுக்கிற தளம் நிறைய இருக்கு, முழுசையும் அதில் ஒரு தடவை போட்டு எடு. வாயைத் திறந்து ஒப்புக்கொண்டால் உனக்குத்தான் நஷ்டம் தம்பி.

ஓய்வுபெற்ற வாத்தியார் – புதன், காலை 6.05

மேலே இருப்பவர் சொன்ன யோசனையைத் தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். அற உபதேசம் செய்ய வரவில்லை, அதில் உங்களுக்கு லாபமே இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். அந்தத் தளங்கள் சொல்லை மாற்றும், பொய்ப் பாட்டை மெய்ப் பாட்டாக மாற்றாது. மேற்கோளையும் சேர்த்து அரைத்துவிட்டால், சரியாக இருந்த சங்க வரிகளும் கெட்டுப் போகும். ‘தெண்ணீர்ச் சிறுகுளம்’ என்பது ‘தெளிந்த நீருடைய சிறிய குளம்’ என்று வெளியே வரும். வாய்மொழித் தேர்வில் அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

முப்பத்திரண்டு வருடம் தமிழ் நடத்தியவன் நான். செயலி வந்துதான் மாணவர்கள் கெட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். 90களில் நான் வேலை பார்த்த ஊரில் தட்டச்சு நிலையம் ஒன்று இருந்தது. பழைய ஆய்வேடுகளின் ஸ்டென்சில் எல்லாம் அங்கே அலமாரியில் இருக்கும். ‘அகநானூற்றில் மலர்கள்’ என்பதை ‘நற்றிணையில் மலர்கள்’ ஆக்கித் தர ஒரு விலை, முன்னுரையில் நன்றியோடு சேர்த்து வேறு விலை. ஒரு பையன் நெறியாளர் பெயரை மாற்ற மறந்து, முந்தைய ஆளின் நெறியாளருக்கு நன்றி சொல்லி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். அதையாவது சுலபமாகப் பிடிக்க முடிந்தது. இப்போது வருவது பிழையில்லாத தமிழில் வருகிறது, அதுதான் சிக்கல்.

விதி என்று பார்த்தால், பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறை இருக்கிறது. ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் என்றால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40 முதல் 60 வரை ஓராண்டு திரும்பச் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் அது வந்தபோது இந்தச் செயலிகள் கிடையாது. அது பார்ப்பது அடுத்தவன் எழுத்தோடு உங்கள் எழுத்து எவ்வளவு பொருந்துகிறது என்பதை. யாருமே எழுதாத பாட்டு எதனோடு பொருந்தும்? உங்கள் 267 அந்தச் சோதனையில் தங்கம் மாதிரித் தேறியிருக்கும். அதனால்தான் உங்கள் நெறியாளரின் பென்சில் பெரிது என்கிறேன்.

ஒரு வேலை சொல்கிறேன் தம்பி. சங்க நூல்களில் காணாமல் போன இடங்கள் பழைய ஆட்களுக்கு மனப்பாடம். நற்றிணையில் 234, ஐங்குறுநூற்றில் 129, 130, பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும். உங்கள் செயலியிடம் நற்றிணை 234ஐக் கேட்டுப் பாருங்கள். ‘கிடைக்கவில்லை’ என்று சொன்னால் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம். தோழி கூற்று என்று எழுத ஆரம்பித்தால் எந்த அளவுக்கு நம்பலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பத்தொன்பதையும் சொல்லிவிடுங்கள். பாதி தெரிந்த நெறியாளர் மீதியையும் சந்தேகப்படுவார், உங்கள் நான்காம் இயலையும் சேர்த்து.

ஓ.எம்.ஆர். வாசி – புதன், பகல் 1.20

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், தட்டச்சுப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நான் தமிழ் படித்தவன் இல்லை, இந்த மாதிரி மொழி மாதிரிகளை வைத்து வேலை செய்கிற கம்பெனியில் இருக்கிறேன். அது ஏன் 267ஐ எழுதியது என்று மட்டும் சொல்கிறேன்.

அதற்குள்ளே புறநானூறு என்று ஒரு புத்தகம் அலமாரியில் இல்லை. நீங்கள் கேட்டதும் போய் 267ஆம் பக்கத்தைத் திறப்பதில்லை. கோடிக்கணக்கான வரிகளைப் படித்துப் பழகியதில், ‘இதுவரை வந்ததற்கு அப்புறம் என்ன வந்தால் பொருத்தமாக இருக்கும்’ என்று துண்டு துண்டாகக் கணித்துக்கொண்டே போகிறது. அந்தத் துண்டை டோக்கன் என்போம். ‘புறநானூறு 266’ என்றாலும் ‘புறநானூறு 267’ என்றாலும் அதற்கு ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விதான். இல்லாத பாட்டு இது என்று எங்கேயாவது அழுத்தமாகப் படித்திருந்தால் தயங்கும். இல்லையென்றால் அகவல் எப்படிப் போகும் என்று தெரியும், போய்விடும். தமிழ் என்றால் இன்னும் கஷ்டம். ஆங்கில அளவுக்குப் பயிற்சிக்கான எழுத்து இல்லை, ஒரு தமிழ்ச் சொல்லையும் சின்னச் சின்னத் துண்டாக உடைத்துத்தான் பார்க்கிறது.

‘இது உண்மையா’ என்று அதனிடமே திரும்பக் கேட்பதிலும் பிரயோசனம் இல்லை. நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வக்கீல்கள் இப்படித்தான் மாட்டினார்கள். சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு போட்டார்கள். அப்படித் தீர்ப்புகளே கிடையாது. இந்த வழக்கு உண்மையா என்று அதனிடமே கேட்டிருக்கிறார் ஒருவர், அது ஆமாம் என்றிருக்கிறது. 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். படித்த வக்கீலே அப்படி ஏமாந்தார் என்றால் நீங்கள் ஏமாந்ததில் ஒன்றும் இல்லை.

தேடிப் பார்த்துச் சுட்டி கொடுக்கிற வகைச் செயலிகளும் இப்போது உண்டு. பரவாயில்லை, ஆனால் அந்தச் சுட்டியை அழுத்தி உள்ளே போய்ப் படிக்க வேண்டும். பலர் சுட்டி இருக்கிறது என்பதோடு திருப்தியாகிவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். ‘பாட்டு கொடு’ என்று கேட்காதீர்கள். பாட்டை நீங்கள் நூலிலிருந்து எடுத்து உள்ளே ஒட்டிவிட்டு, ‘இதில் கரை வளைந்திருக்கிறது என்று நான் பொருள் கொள்கிறேன், தேர்வாளராக இருந்தால் இதில் எங்கே குறுக்குக் கேள்வி கேட்பாய்’ என்று கேளுங்கள். பத்தில் ஆறு கேள்வி சப்பையாக இருக்கும், நான்கு உபயோகப்படும். பொய் சொன்னாலும் உங்கள் கையில் பாட்டு இருக்கிறது, பிடித்துவிடுவீர்கள்.

கடைசியாக ஒன்று. பெரியப்பாவிடம் பேசியதைப் பதிவு செய்திருந்தால், அந்த ஒலிப்பதிவையோ ஊர்க்காரர்கள் பெயர், போன் நம்பரையோ இலவசச் செயலியில் ஏற்றாதீர்கள். நீங்கள் போடுவதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் என்று நிறைய இடங்களில் விதிமுறையிலேயே எழுதியிருக்கும். யார் மடையை யார் திறந்தார் என்பதெல்லாம் ஊரில் வழக்கு வரைக்கும் போகிற விஷயம்.

யாழ் வாசகி – புதன், இரவு 9.30

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். சமூகவியலில் ஆய்வு செய்கிறேன், ஆங்கிலத்தில் எழுத வேண்டிய கட்டாயம். அந்த 64 சதவீதத்தைப் பற்றி மட்டும் கதைக்கிறேன், ஏனெண்டால் அதில் நானும் அடிபட்டனான்.

அந்தக் கண்டுபிடிப்பான்களை நம்பிப் பதறாதேங்கோ. சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே 2023 சனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது, மனிதர் எழுதியதிலும் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியது எண்டு சொன்னது. துல்லியம் போதாது எண்டு அதே வருசம் யூலையில் எடுத்துவிட்டார்கள். அதே வருசம் ஸ்டான்போர்டில் ஏழு கண்டுபிடிப்பான்களைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் எண்ட ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேல் இயந்திரத்தின் எழுத்து எண்டு தவறாக முத்திரை குத்தப்பட்டன. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளை மட்டும் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிச்சுதுகள். தெரிஞ்ச கொஞ்சச் சொல்லை வைத்து எளிமையாக எழுதினால் இயந்திரமாம்! ஆங்கிலத்துக்கே இந்த நிலை. தமிழுக்கு அது சொல்லும் சதவீதத்தை நான் கணக்கில் எடுக்கவே மாட்டேன்.

உங்களுக்குக் காவல் உங்கட நோட்டுப் புத்தகம்தான். அந்த முன்னுரையை எழுதிய பக்கத்தைத் திகதியோடு படம் எடுத்து வையுங்கோ. வெட்டிக் கொத்தி எழுதிய பக்கம் எண்டால் இன்னும் நல்லது. நான் கூகுள் டாக்ஸில் எழுதுகிறபடியால் பழைய பிரதிகள் எல்லாம் நாள் வாரியாகத் தானே சேமிக்கப்படுகிறது. என்னைக் கூப்பிட்டு விசாரித்த அண்டைக்கு அதைத்தான் திறந்து காட்டினேன். ஒரு பந்தியை பதினொரு தரம் மாற்றியிருக்கிறேன், எனக்கே வெட்கமாய்ப் போச்சு. விசாரணை அத்தோடு முடிஞ்சுது.

சொல்லுகிறதா இல்லையா எண்ட கேள்விக்கு: ஆய்விதழ்களுக்கு நெறிமுறை சொல்லும் கோப் அமைப்பு 2023 பெப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. செயற்கை நுண்ணறிவை ஆசிரியராகப் போட முடியாது, எழுதியதற்குப் பொறுப்பு மனிதருடையது, பயன்படுத்தினால் எதை, எப்படி எண்டு வெளிப்படையாக எழுத வேணும். பிறகு இதழில் கட்டுரை போடுகிற எண்ணம் இருந்தால் இப்பவே பழகுங்கோ. அந்த ஒரு வரிச் சுற்றறிக்கையை வைத்துக்கொண்டு நீங்களே முடிவெடுக்காமல், எது கூடும் எது கூடாது எண்டு நெறியாளரிடம் எழுத்தில் கேளுங்கோ.

சும்மா ஒருவன் – புதன், இரவு 10.02

சரி சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா நற்றிணை 234ஐக் கேட்டுப் பார்த்தேன். தலைவி கூற்றாம். பலாமரம், குரங்கு எல்லாம் வருது. நல்லாத்தான் இருக்கு!

கண்மாய்க்கரை – ஞாயிறு, மாலை 5.15

எல்லோருக்கும் நன்றி. முதலில் ஒன்று: நான் தம்பி இல்லை, தங்கச்சி. வாத்தியார் ஐயா மன்னிக்க வேண்டியதில்லை, பெயரைப் பார்த்தால் தெரியாதுதான்.

வியாழக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்து மீதிப் பன்னிரண்டையும் பார்த்தேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உரையோடு இருக்கிறது, மதுரைத் திட்டம் என்ற இணையதளத்தில் மூலம் இருக்கிறது. இரண்டையும் வைத்துப் பார்த்து, அப்புறம் அச்சு நூலில் பக்கம் குறித்தேன். பன்னிரண்டில் இன்னும் இரண்டு தப்பு. ஆக மொத்தம் பத்தொன்பதில் ஐந்து. ஒரு பாட்டுக்குச் சராசரியாகப் பதினைந்து நிமிடம் ஆனது. நவம்பரிலேயே இதைச் செய்திருந்தால் ஒரு நாள் வேலை.

இதில் ஒன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். 267 இல்லை என்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அச்சுப் புத்தகத்தைத் திறந்தேன். 266 முடிகிறது, அடுத்து இரண்டும் கிடைக்கவில்லை என்ற குறிப்பு, அப்புறம் 269. சரி, வந்தது வந்தோம் என்று 266ஐப் படித்தேன். பெருங்குன்றூர் கிழார் பாடியது. ‘பயங்கெழு மாமழை பெய்யாது மாறிக் கயங்களி முளியும் கோடை ஆயினும்’ என்று தொடங்குகிறது. நான் தேடிய கயம்! செயலி இல்லாத பாட்டில் வைத்துக் கொடுத்த சொல், பக்கத்து வீட்டில் நிஜமாகவே இருந்திருக்கிறது. அது கொடுத்த ஐந்தில் 266 இல்லவே இல்லை.

பாட்டும் எப்படிப்பட்ட பாட்டு! மழை பொய்த்துக் குளத்துக் களிமண் காய்ந்து போகிற கோடையிலும், அவன் நாட்டு வயலில் தண்ணீர் மினுங்குகிறதாம். உள்துளையுள்ள ஆம்பல் தண்டின் அகல இலை நிழலில், ஆண் நத்தை இளம் பெண் சங்கோடு பட்டப்பகலில் கல்யாணம் செய்துகொள்கிறதாம். ‘பகல்மணம் புகூஉம்’. நூலகத்தில் தனியாகச் சிரித்தேன். பெரியப்பாவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். “கோடையிலே வயல்ல நத்தை கிடந்தா அந்த மடை ஒழுகுதுன்னு அர்த்தம்” என்றார். அரசனைப் புகழ்கிற பாட்டு என்று சொன்னேன். “அரசன் மடையைச் சரியா மூடலை” என்றார். இதை அடிக்குறிப்பில் போட முடியுமா என்று தெரியவில்லை, நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நெறியாளரிடம் போனேன். பத்தொன்பது பாட்டுக்கும் ஒரு தாளில் அட்டவணை: செயலி சொன்னது, நூலில் இருப்பது, பதிப்பு, பக்கம். அவர் முழுவதும் படித்துவிட்டு, “மற்ற 45ஐயும் இதே மாதிரி பார்த்தீர்களா?” என்று கேட்டார். இல்லை. அவை பழைய ஆய்வேடுகளிலிருந்தும் என் இளங்கலைக் குறிப்பிலிருந்தும் எடுத்தவை. “அதையும் பாருங்கள். மனிதர்களும் தப்பாகத்தான் எழுதியிருப்பார்கள்.” பார்த்தேன். 45இல் இரண்டு தப்பு, ஒன்று ஷோத்கங்கா என்ற ஆய்வேட்டு இணையதளத்தில் இருக்கும் ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்து அப்படியே வந்த எண் பிழை. செயலியைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

சுற்றறிக்கையைப் பற்றி எழுத்தில் கேட்டேன். அவர் துறைத்தலைவரிடம் பேசிவிட்டு, ‘மேற்கோளும் விளக்கமும் மாணவருடையதாக இருக்க வேண்டும், வேறு பயன்பாடு இருந்தால் முன்னுரைக்கு அடுத்த பக்கத்தில் தெரிவிக்க வேண்டும்’ என்று என் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். துறைக்கே இதை விதியாக்கப் போகிறார்களா என்று கேட்டேன், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார். அந்தப் பக்கத்துக்கு நான் எழுதியது இது. யாருக்காவது உதவும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்:

“இவ்வாய்வின் தொடக்கத்தில், நீர்நிலை குறித்த சொற்கள் வரும் பாடல்களைத் தேடச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைப் பயன்படுத்தினேன். அது காட்டிய 19 பாடல்களில் ஐந்து பிழையானவை, அவை நீக்கப்பட்டன அல்லது திருத்தப்பட்டன. இவ்வாய்வேட்டில் உள்ள எல்லா மேற்கோள்களும் அச்சுப் பதிப்புகளோடு என்னால் ஒப்புநோக்கப்பட்டவை. ஆங்கிலச் சுருக்கத்தை நான் எழுதிய பின், இலக்கணத் திருத்தத்துக்கு மட்டும் அச்செயலியைப் பயன்படுத்தினேன். பாடல்களுக்கான விளக்கமும் களஆய்வும் என்னுடையவை. களஆய்வுப் பதிவுகள் எந்தச் செயலியிலும் ஏற்றப்படவில்லை.”

‘ஒப்புநோக்கப்பட்டவை’ என்பதில் நெறியாளர் ஒரு சுழி போட்டார், ‘ஒப்புநோக்கினேன்’ என்று எழுதச் சொன்னார். யார் செய்தது என்று தெரிய வேண்டுமாம். மாற்றிவிட்டேன்.

ஓ.எம்.ஆர். வாசி சொன்னபடி 118ஐ ஒட்டிக் குறுக்குக் கேள்வி கேட்கச் சொன்னேன். ஆறு சப்பை, சரியாகச் சொன்னீர்கள். ஆனால் ஒரு கேள்வி நல்ல கேள்வி: ‘பிறையின் வளைவு என்றால் ஏன் எட்டாம் நாள்? மூன்றாம் நாள் பிறைதானே இன்னும் வளைவாக இருக்கும்?’ எட்டாம் நாள் என்றால் பாதி நிலவு. ஒரு பக்கம் வளைவு, மறு பக்கம் ஏறக்குறைய நேர்கோடு. கண்மாயில் கரை வளைவு, தண்ணீர் உள்வாய்ப் பக்கம் பரந்து முடியும் இடம் எப்படி இருக்கும்? எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று காலை மறுபடி போய்க் கலுங்கிலிருந்து படம் எடுத்தேன். முக்கால்வாசித் தண்ணீர்தான் இருக்கிறது, கோடு நேராகவும் இல்லை, வளைவாகவும் இல்லை. தண்ணீர் நிறைந்திருக்கும்போது பார்க்க வேண்டும் என்றார் பெரியப்பா. அதற்கு ஐப்பசி வரை காத்திருக்க ஆய்வேட்டுக்கு நேரம் கிடையாது.

கடைசியாக ஒரு மானக்கேடு. எல்லாம் முடித்து 118ஐ நூலைப் பார்த்து என் கையாலேயே எழுதிக் கொண்டுபோனேன். ‘சிறுகுளம் கீள்வது மாதோ’ என்று வர வேண்டும், குளம் உடைவதைச் சொல்கிறார் கபிலர். நான் ‘கீழ்வது’ என்று எழுதியிருக்கிறேன். பென்சில் நின்றது, இந்த முறை சுழி விழுந்தது. “இது செயலியா?” என்றார். “இல்லை ஐயா, நான்தான்” என்றேன்.

யாரிடமாவது ஔவை துரைசாமிப் பிள்ளை உரை எழுதிய புறநானூறு நல்ல பிரதியாக இருக்கிறதா? எங்கள் நூலகப் பிரதியில் 330க்கு மேல் சில தாள்களைக் கறையான் தின்றுவிட்டது. 331இல் ‘வல் உவர்க் கூவல்’ வருகிறது, அதன் உரை எனக்கு வேண்டும். பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், தட்டச்சு செய்து அனுப்ப வேண்டாம்.

ஓய்வுபெற்ற வாத்தியார் – ஞாயிறு, இரவு 7.40

என்னிடம் இருக்கிறது அம்மா. பரணில் ஏற ஆள் வர வேண்டும், நாளைக் காலை பேரன் வந்ததும் எடுக்கச் சொல்கிறேன். முகப்புத் தாளையும் சேர்த்தே படம் எடுத்து அனுப்புகிறேன், எந்தப் பதிப்பு என்று இந்தத் தடவை கேட்டால் சொல்ல வேண்டுமே.